கறுப்புக்கு அடியில் ஒரு பொட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில், கையில் கத்தரிக்காய் வடிவக் காந்தத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

கைது எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம் — சந்தோஷப்படவும் வேண்டாம். நானாகத்தான் போனேன். ‘நிபுணர்’ என்ற பொறுப்பில்.

யார் கொடுத்த பொறுப்பு? நானே எடுத்துக்கொண்டதுதான். என் வாழ்க்கையில் மற்றவர்கள் கொடுத்த பொறுப்பு என்று பார்த்தால், ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிப்பது ஒன்றுதான்.

முதலில் அஞ்சலாட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலியார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. நாற்பதைத் தொடுகிற வயது. தட்டாஞ்சாவடியில், மேஜை விசிறிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு சின்ன யூனிட்டில் ‘செக்கிங்’ வேலை. பெயிண்ட் அடித்து, ஓவனில் சுட்டு, கொக்கியில் தொங்கியபடி வரும் உறுப்புகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். பதினாறு வருஷமாக அதே மேஜை, அதே டியூப் லைட்.

அந்தப் பார்வையை அவர் யூனிட்டிலேயே வைத்துவிட்டு வருவதில்லை. எங்கள் வீட்டு கேட்டுக்கு நான் என் கையாலேயே பெயிண்ட் அடித்த அன்று, வேலை முடிந்து வந்தவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ரிஜெக்ட் என்று எனக்குப் புரிந்தது.

அவரிடம் ஒரு பைக் இருந்தது. ஸ்கூட்டி அல்ல. காலால் உதைத்து, கியர் போட்டு ஓட்டும் நிஜமான பைக். மெரூன் கலர். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் கொடுத்தால் யோசிக்கலாம். அஞ்சலாட்சி ஓட்டுவார், கணவர் ஏழுமலை பின்னால் உட்காருவார். ஏழுமலைக்குப் பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் பின்னால் உட்காரத் தெரியும் — வளைவில் கச்சிதமாகச் சாய்வார். தெருவில் ஆரம்பத்தில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முதல் வரிசையில் இருந்தவன் நான். பேப்பரில் நான் எழுதும் இதே பத்தியில் ஒருமுறை சிரித்தும் வைத்திருக்கிறேன். அது பிறகு வரும்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போனார். மீனோடு வெளியே வந்தார். வண்டி இல்லை.

புகார் கொடுத்தாயிற்று. மறுநாளிலிருந்து ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். முதல் வாரம் மூன்று நாள் லேட். ரெண்டாம் வாரம் நாலு நாள். யூனிட்டில் கூப்பிட்டு, ‘நேரத்துக்கு வர முடியலைன்னா செக்கிங் டேபிளைச் சும்மா வச்சிருக்க முடியாதும்மா’ என்று பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பதினாறு வருஷம் நல்லதையும் கெட்டதையும் பிரித்த கை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தது.

“வண்டி போனதுகூட பரவால்லக்கா” என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். “என் டேபிள்ல ஒருத்தி உக்காந்துனு கண்டதுக்கும் பாஸ் போடறா. அதான் தாங்கல.”

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து போன். வாகனச் சோதனையில் ஒரு பைக்கைப் பிடித்திருக்கிறார்கள். அஞ்சலாட்சியின் வண்டி எந்த மாடலோ அதே மாடல். எஞ்சினிலும் சேசிஸிலும் நம்பர் தேய்ந்துபோயிருக்கிறது. அந்த மாடலைத் தொலைத்த எல்லோரையும் வரச்சொன்னார்கள். ஐந்தாறு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், ‘நம்பளுது இல்ல’ என்று போய்விட்டார்கள். ஏனென்றால் வண்டி பளபளவென்று கறுப்பு.

அஞ்சலாட்சி மட்டும் போகவில்லை. “இது என் வண்டி” என்றார்.

வண்டியோடு பிடிபட்ட குமரவேல் என்ற பழைய வண்டி புரோக்கர், “இது என் வண்டி” என்றார். அவரிடம் ஓர் ஆர்.சி. புக் இருந்தது. அதே மாடல், கலர் கறுப்பு. நம்பர் எப்படித் தேய்ந்தது? “கடக்கர காத்து சார். பாண்டியில எந்த இரும்பு நின்னுச்சு?”

ஆக, கேள்வி ஒன்றுதான். அந்தக் கறுப்பு கம்பெனியில் அடித்ததா, வெளியில் அடித்ததா? கம்பெனிக் கறுப்பு என்றால் குமரவேல் ஜெயித்தார். கறுப்புக்கு அடியில் வேறு கலர் இருந்தால் அஞ்சலாட்சிக்கு வழி உண்டு. “செவ்வாக்கிழம ரெண்டு பேரும் வாங்க. பாத்துடுவோம்” என்று சொல்லியிருந்தார் எஸ்.ஐ.

இங்கேதான் நான் நுழைகிறேன்.

மிஷன் வீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பைக் பெயிண்ட் அசலா, பிறகு அடித்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்டர்நெட்டில் தேடினால் உலகமே இதற்காகத்தான் விழித்திருக்கிறது என்று தோன்றியது. மூன்று பக்கம் பிரின்ட் எடுத்தேன். சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். முதல் விதி: காந்தம். அடிபட்ட பள்ளத்தில் பட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. ஃபிரிட்ஜ் கதவில் மளிகை லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கத்தரிக்காயை எடுத்துக்கொண்டேன்.

“அது எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“ஒரு தொழில்நுட்ப விஷயம்.”

“சாயங்காலத்துக்குள்ள திருப்பி வச்சுடுங்க.”

ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. எஸ்.ஐ. இளவயசு, அதிகம் பேசாதவர். பக்கத்தில் ஸ்டேஷன் ரைட்டர், பாண்டிச்சேரிப் போலீஸுக்கே உரிய சிவப்புத் தொப்பியை நாற்காலிக் கையில் மாட்டிவிட்டு, நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நானும் ரைட்டர்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நியாயம்தானே? அவர் எழுதுவதைத்தான் ஊரே பயந்துகொண்டு படிக்கிறது.

நான் பிரின்ட் தாள்களை விரித்தேன். காந்தத்தை டேங்க்கில் வைத்தேன். ஒட்டியது. இன்னோர் இடம். ஒட்டியது. ஒன்பது இடத்தில் வைத்தேன், ஒன்பதிலும் கத்தரிக்காய் கெட்டியாகத் தொங்கியது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். குனிந்து என் முகத்தைப் பார்த்தேன், தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தால் நல்ல பெயிண்ட் என்று ரெண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு மௌனம் எழுத்தாளனுக்குக் கிடைப்பது அபூர்வம். அதை வீணாக்க மனம் வரவில்லை.

“கம்பெனி பெயிண்ட்தான்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், நான் யார் பக்கம் வந்தவன் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

“பட்சவங்க சொன்னா கரெக்டா இருக்கும் சார்” என்றார் குமரவேல். என்னைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். கேட்டைப் பார்த்த அதே பார்வை.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

தள்ளினேன். அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கத்தான் உங்களையெல்லாம் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

அவர் முதலில் டேங்க்கைத் தொடவே இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குந்தினார். நாம் எல்லோரும் வண்டியை மேலிருந்து பார்க்கிறோம். அவர் கீழிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

“சார், கம்பெனியில எப்டின்னா, ஒவ்வொரு பீஸையும் தனித்தனியா தொங்கவுட்டு பெயிண்ட் அடிச்சு, ஓவன்ல சுட்டு, அப்பறம்தான் போல்ட்டு போட்டு மாட்டுவாங்க. அப்ப போல்ட்டு மேல பெயிண்ட் இருக்குமா?”

“இருக்காது” என்றார் எஸ்.ஐ.

“இங்க பாருங்க. போல்ட்டுக்கும் சேத்து அபிஷேகம் பண்ணிக்கிறாங்க.”

எஸ்.ஐ. குனிந்தார். நானும் குனிந்தேன். டேங்க்கின் பின்பக்கத்துப் போல்ட் முழுக்கக் கறுப்பு. பக்கத்தில் ஓடும் ஒயரின் ரப்பர் உறையில் பொடிப் பொடியாகக் கறுப்புத் துளிகள். ஃபிரேமில் ஓரிடத்தில், பேப்பர் டேப் ஒட்டிப் பிரித்த கோடு நேராக, ஒரு கரை மாதிரி.

அடுத்தது டேங்க்கில் இருந்த கம்பெனி எழுத்து. நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டினார். நகம் தட்டியது. “எங்க யூனிட்டு மாரிதான் அங்கயும். ஸ்டிக்கர் ஒட்டிட்டு, மேல கண்ணாடி மாரி கிளியர் அடிப்பாங்க. நகம் மாட்டாது. இது கடையில வாங்கி, பெயிண்ட்டுக்கு மேல ஒட்டனது.”

கைப்பையைத் திறந்தார். டிபன்பாக்ஸ், குடை, ஒரு ஸ்பேனர், ஹோமியோபதி மாத்திரை வரும் அளவில் ஒரு குட்டி பாட்டில். அதில் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர்.

“அண்ணா, கர்ச்சீப் குடுங்க.”

கொடுத்தேன். இந்த வழக்கில் அதுவரை நான் செய்த ஒரே உருப்படியான காரியம். ரெண்டு சொட்டு ஊற்றி, சீட்டுக்குப் பக்கத்தில் ஓரமாகத் துடைத்தார். என் வெள்ளைக் கைக்குட்டையில் கறுப்பு இறங்கியது.

“ஓவன்ல சுட்ட பெயிண்ட்டு இப்டி துணியில வராது சார். இது காத்துல காஞ்சது.”

எஸ்.ஐ. கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெதுவாக உயர்ந்து என் தலைமுடிக்கு வந்து, மீசையில் நின்றது.

“உங்களுது கம்பெனி பெயிண்ட்டா சார்?”

ரைட்டர் முதல்முறையாகச் சிரித்தார். அன்று காலையில்தான் டை அடித்திருந்தேன். காதோரம் ரெண்டு சொட்டு பட்டிருந்தது எனக்கே தெரியும். போல்ட்டுக்கும் சேர்த்து...

கம்பெனிக் கறுப்பு இல்லை என்பது முடிந்துபோன விஷயம். ஆனால் புரோக்கர்கள் அவ்வளவு சுலபத்தில் முடிகிறவர்களா?

“டச்சப் பண்ணேன் சார்” என்றார் குமரவேல். “கறுப்பு வண்டிக்குக் கறுப்பு அடிச்சேன். குத்தமா?”

அஞ்சலாட்சி போல்ட்டைக் கழற்றி டேங்க்கின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் மெரூன்.

“டேங்க்கு ஓட்ட சார். பழைய டேங்க்கு ஒண்ணு வாங்கி மாட்டனேன். அது மெரூனா இருந்துச்சு.”

எதைக் கேட்டாலும் ஒரு பதில். எனக்கே அவரைக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எஸ்.ஐ. கையைக் கட்டிக்கொண்டார். “ஏம்மா, மெரூன்ல ஆயிரம் வண்டி ஓடுது. இது உன்துதான்னு எத வச்சு சொல்ற?”

“பொட்டு வச்சிருக்கேன் சார்.”

“எல்லாரும்தான் வைக்கிறாங்க. இந்த ஜீப்புலகூட இருக்கு.”

“நான் வெளிய வைக்கல சார். உள்ள வச்சிருக்கேன். ஆயுத பூஜைக்கி, குங்குமத்த வார்னிஷ்ல கொழச்சு.”

“வார்னிஷ்லயா?”

“தண்ணியில கொழச்சு வச்சா ரெண்டு மழைக்கி நிக்காது. சாமிக்கி வைக்கிறது அடுத்த வருஷம் வரைக்கும் நிக்க வேணாமா சார்?”

குமரவேல் குறுக்கே வந்தார். “வண்டி நாலு நாளா மரத்தடியில நிக்கிது சார். வந்து எட்டிப் பாத்துட்டுப் போயி இப்ப சொன்னா?”

எஸ்.ஐ. யோசித்தார். அது நியாயமான கேள்வி என்பது அஞ்சலாட்சிக்கும் தெரிந்தது. கைப்பையிலிருந்து தன் ஆர்.சி. புக் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு பேப்பர் துண்டு. மடிப்பெல்லாம் மஞ்சள்.

“மூணு வருஷத்துக்கு மின்னாடி பேப்பர்ல வந்துச்சு சார். இந்த அண்ணன்தான் எழுதனாரு.”

நான் என் பிரின்ட் தாள்களை அவசரமாக மடிக்க ஆரம்பித்தேன்.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஓர் ஆயுத பூஜை வாரத்தில் இதே பத்தியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை, போடாவிட்டால் தெருவுக்குத் தெரியாதா? எஸ்.ஐ. சத்தமாகப் படித்தார்: “சீட்டுக்கு அடியில் ஒன்று, சைடு மூடிக்கு உள்பக்கம் ஒன்று, டேங்க்குக்குக் கீழே ஒன்று, ஹெட்லைட்டைக் கழற்றி அதன் கிண்ணத்துக்குள் ஒன்று. அதுவும் வார்னிஷில் குழைத்து. என் நெற்றிக்கே பண்டிகைக்குப் பண்டிகைதான் பொட்டு. இந்தப் பைக்கின் குடலுக்குள்ளெல்லாம் பொட்டு வைக்கும் பக்தியை என்னவென்று சொல்வது...”

அந்த வரிகளை எழுதிய அன்று நானே சிரித்துக்கொண்டேன். ஸ்டேஷனில் ஒருவரும் சிரிக்கவில்லை. நகைச்சுவைப் பத்தியை ஒரு போலீஸ்காரர் சீரியஸாக வாசித்து நீங்கள் கேட்டதுண்டா? ஒவ்வொரு கமாவும் குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும்.

“நாலு எடம்” என்றார் எஸ்.ஐ. “எழுதிக்கங்க ரைட்டர்.”

ரைட்டர் எழுதினார். நான் எழுதியதை இன்னொரு ரைட்டர் பயபக்தியோடு நகலெடுத்தது அதுதான் முதல்முறை.

சீட்டைக் கழற்றினார்கள். அடியில் தகடு முழுக்கச் சுரண்டிக் கறுப்பு அடித்திருந்தது. ஒன்றும் இல்லை.

சைடு மூடி. புத்தம் புதுசு, மாற்றியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை.

குமரவேல் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அஞ்சலாட்சியின் கை வேலையை நிறுத்தவில்லை. ஆனால் ஸ்பேனர் ரெண்டுமுறை போல்ட்டிலிருந்து நழுவியது. நான் பார்த்தேன்.

டேங்க்கை முழுசாக இறக்கி, கவிழ்த்தார். அடியில் ஒரே கிரீஸும் தூசியும். முந்தானையால் துடைத்தார். தின்னர் தொட்டுத் துடைத்தார். மெரூனின்மேல், ஒரு ரூபாய் அளவில், சிவப்பாக ஒரு பொட்டு.

“வாங்கன டேங்க்குல யாரு வச்சதோ...” என்று ஆரம்பித்தார் குமரவேல். ஆனால் குரலில் பழைய மினுமினுப்பு இல்லை.

கடைசியாக ஹெட்லைட். வளையத்தைக் கழற்றி, கண்ணாடியை வெளியே எடுத்தார்கள். ஒயர்க் கூட்டத்தை ஒதுக்கினார். வெளியில் பெயிண்ட் அடித்தவர் விளக்கைக் கழற்றிவிட்டு அடித்திருக்கிறார். கறுப்புப் புகை கிண்ணத்துக்குள்ளும் கொஞ்சம் படிந்திருந்தது. அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தார். நகர்ந்து, எஸ்.ஐ.க்கு இடம் விட்டார்.

ஒரு பொட்டு. பாதி சிவப்பு, பாதி கறுப்பு.

என் கைக்குட்டையின் கடைசி வெள்ளை மூலையில் தின்னர் ஊற்றி அவரிடமே கொடுத்தார் அஞ்சலாட்சி. “நீங்களே தொடைங்க சார்.”

எஸ்.ஐ. துடைத்தார். கறுப்பு கரைந்து வந்தது. அடியில் முழுப் பொட்டு. பொட்டைச் சுற்றி, வெயில் படாமல், வாங்கிய அன்று இருந்த அதே மெரூன்.

அவர் நிமிர்ந்தார். யாரிடமும் இல்லாமல், தனக்குத் தானே கணக்குப் போடுவது மாதிரிச் சொன்னார்: “கீழ மெரூன். நடுவுல பொட்டு. மேல கறுப்பு.”

பிறகு திரும்பினார். “குமரவேலு. ஹெட்லைட்டும் பழசு வாங்கி மாட்டனியா?”

குமரவேல் வாயில் இருந்த வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வேப்பமரத்தடியில் துப்ப அவருக்கு இப்போது தைரியம் வரவில்லை. விழுங்கிவிட்டு, “ஒரு பார்ட்டி கொண்டாந்து குடுத்தான் சார்...” என்றார். “உள்ள வா, அந்தப் பார்ட்டியப் பத்திப் பேசுவோம்” என்றார் எஸ்.ஐ.

உள்ளே போகுமுன் என்னிடம் பேப்பர் துண்டை நீட்டினார். “நல்லா வெவரமா எழுதிக்கிறீங்க சார். எந்த எந்த எடம்னு கரெக்டா. காமெடிதான் எங்கன்னு தெரில.”

ஐயா, இத்தனை வருஷ எழுத்து வாழ்க்கையில் இப்படி ஒரு விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. கோபம் வரவில்லை. சொல்லப்போனால் மார்பு கொஞ்சம் விரிந்தது. என் பத்தியால் யாராவது திருந்தினார்கள் என்று இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை. ஒரு வண்டி திரும்பியிருக்கிறது. போதாதா?

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். “ஏம்மா, அந்தப் பேப்பரை மூணு வருஷமா வண்டி புக்கோட வச்சிருந்தியே... எதுக்கு?”

“என்னிக்காவது உங்க மூஞ்சில உட்டெறியலாம்னுதான்” என்றார். சிரிக்காமல்.

அப்புறம் கொஞ்ச தூரம் போனதும் சிரித்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். ஒரு மாதமாக அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கவில்லை.

கோர்ட்டில் ஒரு மனு, சில கையெழுத்து. மற்றவற்றைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நேற்று வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் கறுப்புதான்; ஞாயிற்றுக்கிழமை சுரண்டப் போகிறார்களாம். இன்று காலை ஆறரைக்கு அது உறுமிக்கொண்டு தட்டாஞ்சாவடிக்குக் கிளம்பியது. பின்சீட்டில் ஏழுமலை, தெருமுனை வளைவில் கச்சிதமாகச் சாய்ந்தார். செக்கிங் மேஜையைத் திருப்பித் தருவதாக யூனிட்டில் சொல்லிவிட்டார்களாம். பாண்டிச்சேரியில் இனி விற்கும் மேஜை விசிறிகளை நீங்கள் நம்பி வாங்கலாம்.

யோசித்துப் பார்த்தால், வெளியில் எல்லோருமே பளபளப்பாகத்தான் இருக்கிறோம். குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. அந்த தைரியத்தில்தான் எத்தனையோ பேர் நடமாடுகிறோம் — என் மீசை உட்பட.

காந்தம் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. மளிகை லிஸ்ட் தரையில் கிடக்கிறது. அதைப் பற்றி வீட்டில் தனி விசாரணை நடக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அஞ்சலாட்சி ஒரு கிண்ணத்தோடு வந்தார். குங்குமம், வார்னிஷ் வாசனையோடு. என்னைக் கேட்காமலே என் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார், குந்தினார், படுத்தார். அரைமணி நேரத்தில் ஏழு பொட்டு.

எங்கெங்கே என்று இந்தமுறை எழுத மாட்டேன். இந்தப் பத்திக்கு எல்லாத் தொழில்காரர்களும் வாசகர்கள்.